நீ முளைத்தவனா, பறந்து வந்தவனா?

(ஏற்காடு தலைச்சோலையில் இளைஞர்களும் வணிகப் பெருமக்களும் கூடிய அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்திருக்கிறீர்கள். சிலருக்கு இன்னும் தலை சுற்றல் நிற்கவில்லை என்று முகமே சொல்கிறது. 'மீடியாவும் நாமும்' என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். இந்தத் தலைப்பில் நீங்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள். பத்திரிகைக்காரன் இப்படி எழுதினான், சினிமாக்காரன் அப்படிக் காட்டினான் என்று நானும் பட்டியல் போட்டால் அரை மணி நேரம் ஓடிவிடும். நீங்களும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவீர்கள்.

இன்று அதைச் செய்யப் போவதில்லை. ஆஸ்திரேலியாவில் ஒரு கடற்கரையில் நடந்த கலவரத்தையும், அதற்கு ஒரு பழங்குடிக் கலைஞர் வீடியோவில் கொடுத்த பதிலையும் சொல்லப் போகிறேன். ஏற்காட்டு மலையில் உட்கார்ந்துகொண்டு ஆஸ்திரேலியாக் கடற்கரை எதற்கு என்று கேட்காதீர்கள். கொஞ்சம் பொறுங்கள், இந்த மலைக்கே திரும்பி வருவேன்.

கடற்கரையில் நடந்தது என்ன?

சிட்னி நகருக்குத் தெற்கே குரோனுல்லா என்று ஒரு கடற்கரை. 2005 டிசம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை. சுமார் ஐயாயிரம் பேர் அங்கே திரண்டார்கள். ஒரு வாரத்துக்கு முன்பு அதே கடற்கரையில் உயிர்காப்பு ஊழியர்களுக்கும் அரபு வம்சாவளி இளைஞர்கள் சிலருக்கும் கைகலப்பு ஏற்பட்டது. அடித்தவர்கள் மீது வழக்குப் போட்டால் முடிந்து போகிற விஷயம். ஆனால் 'கூடுங்கள், பாடம் கற்பிப்போம்' என்று கைப்பேசிக் குறுஞ்செய்தி பறந்தது. வானொலியிலும் அதை எடுத்து வாசித்தார்கள். அன்று கடற்கரைக்கு வந்திருந்தவர்களில் யாருக்கெல்லாம் லெபனான்காரர் சாயல் இருந்ததோ அவர்களை எல்லாம் துரத்தித் துரத்தி அடித்தார்கள். ரயில் பெட்டிக்குள் நுழைந்தும் அடித்தார்கள். அடிபட்டவர்களில் முஸ்லிம்கள் இருந்தார்கள். சாயலால் மாட்டிக்கொண்ட மற்றவர்களும் இருந்தார்கள். அடுத்தடுத்த இரவுகளில் எதிர்த் தரப்பும் வாகனங்களில் கிளம்பி அப்பாவிகளைத் தாக்கியது. அதை மறைத்துவிட்டு ஒரு பக்கக் கதை சொல்ல எனக்கு விருப்பமில்லை.

கூட்டத்தில் பலர் தங்கள் உடம்பிலும் சட்டையிலும் ஒரு வாசகம் எழுதியிருந்தார்கள். தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'நாங்கள் இங்கே முளைத்தவர்கள், நீங்கள் இங்கே பறந்து வந்தவர்கள்.'

சொன்னது யார்? வெள்ளையர்! எங்கே நின்று சொன்னார்கள்? கேப்டன் குக் 1770 ஏப்ரலில் கப்பலிலிருந்து இறங்கிய கர்னல் என்ற இடம், அந்தக் கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டர் தூரம்தான். அன்று கரையில் நின்று, இறங்காதே என்று ஈட்டியைத் தூக்கிக் காட்டிய மண்ணின் மைந்தர்கள் இருவரைத் துப்பாக்கியால் சுட்டுவிட்டுத்தான் குக்கின் ஆட்கள் கால் வைத்தார்கள். அந்த மணலில் நின்றுதான் 'நாங்கள் முளைத்தவர்கள்' என்கிறார்கள்!

பதில் சொன்னவர் யார்?

வெர்னான் ஆ கீ என்பவர் 1967இல் குவீன்ஸ்லாந்து மாநிலத்தின் வடக்கே இன்னிஸ்ஃபெயிலில் பிறந்த பழங்குடிக் கலைஞர். பிரிஸ்பேன் நகரில் 'பிராப்பா நவ்' என்ற பழங்குடிக் கலைஞர் குழுவைச் சேர்ந்தவர். குரோனுல்லா கலவரத்துக்குப் பிறகு 2007இல் அவர் ஒரு படைப்பைக் காட்சிக்கு வைத்தார். பெயர் 'கான்ட்சான்ட்'. 2009இல் அது வெனிஸ் நகரக் கலைக் கண்காட்சிக்கும் போனது.

உள்ளே நுழைந்தால் அலைச்சறுக்குப் பலகைகள் வரிசையாகத் தொங்கும். ஆஸ்திரேலிய வெள்ளையருக்கு அந்தப் பலகை சாமான்யப் பொருளல்ல, கடற்கரை எங்களுடையது என்பதற்கான அடையாளம். ஆ கீ அந்தப் பலகைகளின் ஒரு பக்கத்தில் தன் மக்கள் காட்டில் பிடித்த போர்க் கேடயத்தின் வண்ணக் கோலத்தை வரைந்தார். மறு பக்கத்தில் தன் இனத்தாரின் முகங்களைத் தீட்டினார். அந்தக் கண்கள் உங்களையே பார்க்கும். சுவர் முழுக்கப் பெரிய எழுத்தில் வாசகங்கள்.

வீடியோ மூன்று திரைகளில் ஒரே நேரத்தில் ஓடும். ஒரு காட்சியில் முள்கம்பி சுற்றிய பலகையை மரத்தில் கட்டித் தொங்கவிட்டுத் துப்பாக்கியால் சுடுகிறார்கள். தூக்கில் தொங்கிய மனிதர்கள் நினைவுக்கு வராமல் போக மாட்டார்கள். இன்னொன்றில் பழங்குடி ஆண்கள் பலகையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள். பிறகு டேல் ரிச்சர்ட்ஸ் என்ற பழங்குடி வீரர் அந்தக் கேடயப் பலகையிலேயே ஏறி அலை மேல் போகிறார். அவர் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

இதைப் பார்த்த நம் ஆட்கள் சிலர், 'நமக்காக ஒரு பழங்குடிச் சகோதரர் குரல் கொடுத்தார்' என்று எழுதுவார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அது உண்மையல்ல. அந்தப் படைப்பில் லெபனான்காரர் வரவில்லை, முஸ்லிம் வரவில்லை. ஆ கீ தன் மக்களுக்காகப் பேசுகிறார். 'முளைத்தவர்கள்' என்ற சொல்லை வெள்ளையர் வாயிலிருந்து பிடுங்கி உரியவர் கையில் கொடுக்கிறார், அவ்வளவுதான்.

அப்படிப் பார்க்கும்போது சங்கடமான ஒன்று நமக்கு எஞ்சுகிறது. வெள்ளையன் பறந்து வந்தவன் என்றால், அடிபட்ட லெபனான்காரரும் அந்த மண்ணுக்குப் பறந்து வந்தவர்தானே? அடி வாங்கியதால் மட்டும் அவர் அந்த மண்ணின் பழைய உரிமையாளர் ஆகிவிட மாட்டார். அடிபட்டவருக்கும் இன்னொருவரிடம் பாக்கி இருக்க முடியும் என்பதை அந்தப் பலகைகள் சொல்லாமல் சொல்கின்றன.

இந்த இடத்தில்தான் எனக்கு ஏற்காடு ஞாபகம் வந்தது.

அளவுகோலும் தூக்குமரமும்

பலகைகளில் இருக்கும் முகங்களுக்கு ஒரு வரலாறு உண்டு. நார்மன் டிண்டேல் என்ற மானுடவியலாளர் 1938இல் பாம் ஐலண்ட் என்ற தீவுக்குப் போனார். பழங்குடியினரைப் பல இடங்களிலிருந்து பிடித்து வந்து அரசாங்கம் அடைத்து வைத்திருந்த தீவு அது. அங்கே அவர்களை வரிசையில் நிறுத்தி, முன்னால் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று படம் எடுத்தார். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். அப்படி எடுக்கப்பட்டவர்களில் ஆ கீயின் பூட்டனாரும் பாட்டனாரும் இருந்தார்கள். பேரன் வளர்ந்து, அந்தப் படங்களைப் பார்த்து, எண்ணை விட்டுவிட்டு முகத்தை மட்டும் ஆளுயரத்துக்கு மேல் பெரிதாக வரைந்தார். அதன் தொடர்ச்சிதான் கான்ட்சான்ட்.

டிண்டேலுக்கு நாற்பது ஆண்டு முன்பே இந்த மலைக்கு ஒருவர் வந்தார். எட்கர் தர்ஸ்டன். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். மண்டை எத்தனை அங்குலம், மூக்கு எத்தனை அகலம் என்று மக்களை அளந்து கொண்டே ஊர் ஊராகப் போனவர். சேர்வராயன் மலையின் மலையாளி மக்களைப் பற்றி 1899இல் அருங்காட்சியக வெளியீட்டில் எழுதினார். 'மலையாளி' என்றால் கேரளத்தார் என்று நினைத்துவிடாதீர்கள். மலையை ஆள்பவர் என்ற பொருளில் வரும் பெயர். தமிழ்தான் பேசுகிறார்கள். காஞ்சிபுரத்திலிருந்து மூன்று சகோதரர்கள் கிளம்பி வந்து மலைகளில் குடியேறினார்கள் என்பது அவர்கள் சொல்லும் கதை.

தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதிப் பெரு நூலின் முன்னுரையில், அளக்கப் போன இடங்களில் மக்கள் பயந்ததை வேடிக்கையாகச் சொல்கிறார். நீலகிரியில் ஓர் இருளர், உயரம் அளக்கும் கோலைத் தூக்குமரம் என்று சொல்லி ஏற மறுத்தாராம். வயநாட்டில் பணியர் பெண்கள், தங்களைப் பாடம் செய்து மியூசியத்தில் வைக்கப் போகிறார் என்று நடுங்கினார்களாம். சேர்வராயன் மலை மக்கள் என்ன நினைத்தார்கள் தெரியுமா? இந்த வெள்ளைக்காரன் நம் நிலத்தை அரசாங்கத்துக்குப் பிடுங்கிக்கொண்டு நம்மை அந்தமானுக்கு அனுப்பப் போகிறான் என்று!

துரைக்கு அது சிரிப்பாக இருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. 1820களிலேயே சேலம் கலெக்டர் காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பிச் செடி கொண்டு வந்தார். பின்னால் தோட்டம் தோட்டமாக மலை வெள்ளையர் கைக்குப் போனது. அதைக் கண்ணால் பார்த்த மக்கள், அளவுகோலோடு வருகிற துரையைப் பார்த்து நிலம் போகப் போகிறது என்று பயந்தால் அது மூடநம்பிக்கையா? சரியான கணக்கு!

இன்னொன்று. ஹக்ஸ்லி என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1870இல் மனித குலத்தைக் கூறு போட்டபோது, தக்காணத்து மலைவாசிகளையும் ஆஸ்திரேலியப் பழங்குடியினரையும் ஒரே பெட்டியில் போட்டார். தர்ஸ்டனும் அதை எடுத்துப் பேசுகிறார். நம்மூர் வளரியையும் அவர்களுடைய பூமராங்கையும் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார். அந்த மண்டை அளக்கும் இனவியல் இன்று அறிவியலில் செல்லாக்காசு. ஆனால் ஒரே வகைக் கேமராவின் முன்னால் இரண்டு மக்களும் நிறுத்தப்பட்டார்கள் என்பது மட்டும் நிஜம். அங்கே பேரன் அந்தப் படத்தை எடுத்துப் பதில் சொல்லிவிட்டான்.

எங்கள் கடைப் பேரேடு

வணிகப் பெருமக்களே! இனி சொல்லப் போவது என் வீட்டுக் கதை. தர்ஸ்டனைக் குறை சொல்லிவிட்டு இதை மறைத்தால் நியாயமில்லை.

எங்கள் அத்தாவுக்கு மலையடிவாரத்தில் மளிகைக் கடை. மலையிலிருந்து மிளகு வரும், காப்பிக் கொட்டை வரும், கடுக்காய் வரும், பலா வரும். உப்பும் புகையிலையும் துணியும் மேலே போகும். அத்தா எடையில் கை வைக்காதவர் என்று ஊரில் பெயர். அந்தப் பெயர் பொய்யில்லை. அவர் மௌத்தான பிறகு பழைய பேரேடுகளைப் புரட்டினேன். ஊர்க்காரர்கள் பெயரெல்லாம் ஒழுங்காக இருந்தது. இன்ன செட்டியார், இன்ன கவுண்டர், இன்ன பாய் என்று தெருப் பெயரோடு இருந்தது. மலையிலிருந்து வந்தவர்கள்? 'மலை ஆள், மிளகு 9 கிலோ.' 'மலை ஆள் (நெட்டை), முன்பணம் 15.' 'மலை ஆள் (காலில் தழும்பு), பாக்கி 4.'

பத்து வருஷம், இருபது வருஷம் எங்கள் கடைக்கு வந்து போன மனிதர்கள். அத்தா ஒருவர் பெயரையும் கேட்டு எழுதவில்லை. உயரமும் தழும்பும்தான் அடையாளம். டிண்டேலாவது எண் போட்டதோடு பெயரையும் குறித்து வைத்தார்! அந்தக் குறிப்புகளை வைத்துத்தான் இன்று அங்குள்ள குடும்பங்கள் தங்கள் முன்னோர் யார் என்று கண்டுபிடிக்கின்றன. எங்கள் பேரேட்டில் அதுவும் இல்லை.

எங்கள் பேச்சும் அப்படித்தான் இருந்தது. அறுபது வயது மலைக்காரர் வந்தாலும் கல்லாவில் இருந்த எனக்கு, பதினாறு வயதுப் பையனுக்கு, அவர் 'வாப்பா, போப்பா'தான். அவர் என்னை 'சாமி' என்பார். அது தப்பு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, எனக்காகவும் தோன்றவில்லை.

வணிகர் என்றால் இப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது. ஆஸ்திரேலியாவின் வடகரைக்கு, வெள்ளையர் அங்கே குடியேறுவதற்கு முன்பிருந்தே, இந்தோனேசியாவின் மக்காசார் துறைமுகத்திலிருந்து வணிகர்கள் போய் வந்தார்கள். பெரும்பாலும் முஸ்லிம்கள். எதற்குப் போனார்கள்? கடல் அட்டைக்கு! கீழக்கரை, ராமநாதபுரம் பக்கத்துச் சகோதரர்களுக்கு இந்தச் சரக்கைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. பருவக் காற்றில் வந்து, சில மாதம் தங்கி, அட்டையை அவித்து உலர்த்தி, அடுத்த காற்றில் திரும்பிவிடுவார்கள். அரிசி, துணி, கத்தி, புகையிலை கொடுத்தார்கள். சண்டையும் சில சமயம் நடந்திருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நிலத்தை எடுத்துக்கொள்ளவில்லை. 1907 வாக்கில் ஆஸ்திரேலிய அரசு அவர்களுக்கு அனுமதி மறுத்து அந்த வணிகத்தையே நிறுத்தியது. இன்றும் அந்தக் கரையில் வாழும் யோல்ங்கு மக்கள் பணத்தை 'ருப்பியா' என்கிறார்கள். அவர்கள் பாட்டிலும் மரப்பட்டை ஓவியத்திலும் அந்தப் பாய்மரக் கப்பல்கள் இருக்கின்றன.

மலை மக்களின் பாட்டில் எங்கள் கடை எப்படி வரும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

கேமரா இருந்த இடமும் இல்லாத இடமும்

அதே பாம் ஐலண்டில் 2004 நவம்பர் 19 அன்று 36 வயதான ஒருவரைப் போலீஸ் பிடித்துப் போனது. ஒரு மணி நேரத்துக்குள் லாக்கப்பில் பிணம். விலா எலும்பு முறிந்து, ஈரல் இரண்டாகக் கிழிந்திருந்தது. இறந்தவர் பெயரைச் சொல்வதை அம்மக்கள் தவிர்ப்பார்கள். முல்ருஞ்சி என்ற வழக்குப் பெயரால்தான் குறிப்பிடுகிறார்கள். ஒரு வாரம் கழித்துப் பிரேதப் பரிசோதனை முடிவை ஊர் நடுவே வாசித்தபோது மக்கள் கொதித்துப் போய்க் காவல் நிலையத்தைக் கொளுத்தினார்கள். கைது செய்த போலீஸ்காரர் 2007இல் விடுதலை. கலவரத்துக்குத் தலைமை தாங்கினார் என்று லெக்ஸ் வாட்டன் என்ற தீவுக்காரருக்கு 2008இல் ஆறு ஆண்டு சிறை!

அன்றைய காட்சிகளைப் போலீசும் செய்திக்காரர்களும் எடுத்திருந்தார்கள், தீவு மக்களும் எடுத்திருந்தார்கள். ஆ கீ அவற்றைத் தொகுத்து 2010இல் நான்கு திரைகளில் ஓடும் வீடியோவாக்கினார். பெயர் 'டால் மேன்', உயரமான மனிதன். தொலைக்காட்சியில் 'கலவரக் கும்பல்' என்று சில நொடி காட்டிய அதே காட்சிதான். ஆனால் இங்கே கும்பல் இல்லை, துக்கத்தில் துடிக்கிற ஊர் இருக்கிறது. அதே பிலிம்! வெட்டி ஒட்டுகிற கை மாறியது, அவ்வளவுதான். 2016இல் கூட்டரசு நீதிமன்றம், அந்தத் தீவில் போலீஸ் இனப் பாகுபாட்டோடு நடந்தது என்று தீர்ப்பளித்தது. 2018இல் அரசு மன்னிப்புக் கேட்டு மூன்று கோடி ஆஸ்திரேலிய டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது.

இப்போது நம் பக்கத்துக்கு வாருங்கள். இந்த மலைக்குக் கிழக்கே, அரூர் வட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி. இதே மலையாளி மக்களின் ஊர். 1992 ஜூன் 20 அன்று சந்தன மரம் தேடுகிறோம் என்று வனத்துறை 155 பேர், போலீஸ் 108 பேர், வருவாய்த்துறை 6 பேர் ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகளைச் சூறையாடினார்கள். கிணற்றைக்கூட விட்டுவைக்கவில்லை. 18 பெண்களை நாசம் செய்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோரைச் சிறையில் தள்ளினார்கள்.

வாச்சாத்தியில் கேமரா இல்லை. அந்தப் பெண்களின் வாக்குமூலம் மட்டும்தான் இருந்தது. கம்யூனிஸ்டுகளும் மலைவாழ் மக்கள் சங்கமும் துணை நின்று வழக்கை நடத்தினார்கள். 1995இல் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவு கிடைத்தது. 2011 செப்டம்பர் 29இல் தர்மபுரி நீதிமன்றம், 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. மேல்முறையீடு போனார்கள். நீதிபதி வேல்முருகன் 2023இல் நேரில் வாச்சாத்திக்கே போய்ப் பார்த்தார். அதே ஆண்டு செப்டம்பர் 29இல் உயர் நீதிமன்றமும் தண்டனையை உறுதி செய்தது. முப்பத்தொரு வருஷம்!

1992 என்றால் நமக்கு என்ன ஞாபகம் வரும்? டிசம்பர் 6. அந்த ஆண்டு நாம் எத்தனை கூட்டம் போட்டோம், எத்தனை துண்டறிக்கை அடித்தோம்! நானும் சைக்கிளில் போய் ஒட்டியிருக்கிறேன். அதற்கு ஆறு மாதம் முன்னால் பக்கத்து மலையில் நடந்தது எனக்குச் செய்தித்தாளின் உள்பக்கத்து மூலையில் ஒரு வரி. 'சந்தன மரம் வெட்டியிருப்பார்கள்' என்று கடையில் பேசிக்கொண்டோம். பிற்பாடு 'குண்டு வைத்திருப்பார்கள்' என்று நம் பிள்ளைகளைப் பற்றி மற்றவர்கள் கடையில் பேசிக்கொண்டார்கள்.

இளைஞர்களுக்கு

2013இல் 'விஸ்வரூபம்' வந்தபோது அமைப்புகள் எல்லாம் ஒன்று சேர்ந்து எதிர்த்தோம். அரசு தடை போட்டது. பேச்சுவார்த்தை நடந்து, சில இடங்களில் ஒலியை நீக்கிப் படம் பிப்ரவரியில் வெளியானது. எதிர்த்தது தப்பு என்று சொல்ல வரவில்லை. அதற்குப் பிறகு நாம் என்ன படம் எடுத்தோம்? நம் தெருவை, நம் கடையை, நம் பெண்களின் படிப்பை, தெக்கனி பேசுகிற ஒரு கிழவியை யார் எடுத்தது? அடுத்தவன் படத்தில் ஒலியை நீக்கத் தெரிந்த நமக்கு நம் குரலைப் பதியத் தெரியவில்லை.

ராஞ்சியில் பிஜு டோப்போ என்ற ஒராவோன் பழங்குடி இளைஞர் 1990களில் கேமராவை எடுத்தார். மேக்நாத் என்ற நண்பரோடு சேர்ந்து 'அக்ரா' என்ற குழுவாக இயங்கினார். அவர்கள் பெரிய கம்பெனிக்குப் போகவில்லை. சுரங்கமும் இரும்பாலையும் தங்கள் மக்களை என்ன செய்தன என்று எடுத்தார்கள். தங்கள் குடுக் மொழியிலேயே ஒரு படம் எடுத்தார்கள். தேசிய விருதுகள் பின்னால் வந்தன. தமிழில் 2021இல் 'ஜெய் பீம்' வந்தது. இருளர் படும் பாட்டைத் தமிழ்நாடே பார்த்து அழுதது. நல்ல காரியம்தான். ஆனால் எழுதியவரும் இருளர் இல்லை, எடுத்தவரும் இல்லை, முக்கிய வேடம் போட்டவர்களும் இல்லை.

இங்கே உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு தம்பியின் சட்டைப் பையிலும் ஆ கீ வைத்திருந்ததைவிட நல்ல கேமரா இருக்கிறது. காலையில் வந்ததும் வியூ பாயிண்டில் நின்று செல்ஃபி எடுத்தீர்கள். பின்னணியில் தலையில் விறகோடு ஓர் அம்மா போனார். 'கொஞ்சம் நில்லுங்க' என்று சொல்லி அவரையும் சேர்த்து ஒருவர் எடுத்ததைப் பார்த்தேன். பெயர் கேட்டீர்களா தம்பி? கேட்கவில்லை. தலை குனிய வேண்டாம், நானும் என் வயதில் கேட்டதில்லை.

என் பேச்சு இவ்வளவுதான். பேரேட்டைக் கையோடு கொண்டு வந்திருக்கிறேன், அந்த மேசை மேல் இருக்கிறது பாருங்கள். சிவப்பு அட்டை. கடைசி வரிசையில் வேட்டியைப் போர்த்திக்கொண்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கிறார். இந்த மலைக்காரர். எங்கள் கடைக்குத் தன் தகப்பனாரோடு சின்னப் பையனாக மிளகு மூட்டை தூக்கி வந்தவராம். 'நெட்டை' யார், 'காலில் தழும்பு' யார் என்று தனக்குத் தெரியும் என்கிறார். பேனாவும் எடுத்து வந்திருக்கிறேன். சாப்பாட்டு நேரம் வரை அவர் பக்கத்தில் உட்காரப் போகிறேன். படம் எடுக்க விரும்புகிறவர்கள் முதலில் அவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள்.